மயக்கவியல் படிப்பு: பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்பதுதான். அண்மைக்காலமாக அனஸ்தீசியா படிப்பைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். "அமெரிக்காவில் இந்த வேலைக்கு லட்சக்கணக்கில் சம்பளம்" என்று ஏஜென்ட்டுகள் சொல்வதை நம்பி, உம்மாவின் நகையை அடகு வைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

இரண்டும் ஒன்றல்ல

அமெரிக்காவில் அதிகச் சம்பளம் பெறுபவர் மயக்க மருந்து செலுத்தும் நர்ஸ். அவருடைய ஆண்டு வருமானம் பொதுவாக 2 லட்சம் டாலரைத் தாண்டும். ஆனால் அவர் முதலில் நர்சிங் பட்டம் பெற்று, அந்நாட்டு நர்ஸ் உரிமம் வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு சுமார் 3 ஆண்டுகள் முழுநேரப் படிப்பு. 2022 முதல் அங்கே புதிதாகச் சேர்பவர்கள் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும்.

நம் ஊரில் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜி படிப்பவர் டெக்னீஷியன். மயக்க மருந்து மருத்துவருக்கு உதவுவதும், கருவிகளைத் தயார்நிலையில் வைப்பதும் அவர் வேலை. மதிப்புள்ள வேலைதான். ஆனால் இந்தப் பட்டம் நர்சிங் பட்டம் ஆகாது. அந்த அமெரிக்க வேலைக்கு இது வழியுமல்ல. அதுதான் இலக்கு என்றால் பி.எஸ்சி. நர்சிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கு போடும் முறை

படிப்புக் காலம் பயிற்சியையும் சேர்த்து 4 ஆண்டுகள். ஓர் உதாரணம் பார்ப்போம். தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 1 லட்சம் என்றால் 3 ஆண்டுக்கு 3 லட்சம். விடுதியும் சாப்பாடும் மாதம் 6,000 வீதம் 48 மாதத்துக்கு 2,88,000. சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் 40,000. ஆக மொத்தம் 6,28,000 ரூபாய்.

வேலையில் சேரும்போது சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு 9,000 போனால் கையில் நிற்பது 6,000. போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 105 மாதம், அதாவது எட்டே முக்கால் ஆண்டு ஆகும். வட்டிக்கு வாங்கியிருந்தால் இன்னும் நீளும். சம்பளம் உயர்ந்தால் குறையும்.

இதே படிப்பை அரசுக் கல்லூரியில் எல்லாச் செலவும் சேர்த்து 1,60,000 ரூபாயில் முடித்தால், அதே சம்பளத்தில் 27 மாதத்தில் பணம் திரும்பிவிடும். அதிகக் கட்டணம் வாங்கிய கல்லூரியில் படித்தவர் என்பதற்காக எந்த மருத்துவமனையும் கூடுதலாகத் தருவதில்லை. வேலை தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

எனவே அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான கலந்தாய்வுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

1. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அதன் அங்கீகாரக் கடிதத்தைப் பார்க்கலாமா?
2. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே தினமும் எத்தனை அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன?
3. பயிற்சி ஆண்டுக்கும் கட்டணம் உண்டா, உதவித்தொகை தருவார்களா?
4. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்?

நான்காவது கேள்விக்கு விளம்பரத் தாளைக் காட்டினால் போதாது. முடித்த மாணவர்கள் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். அவர்கள் சொல்லும் சம்பளத்தை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். பணம் திரும்ப மூன்று, நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று வந்தால், அந்த இடத்தை விட்டு வேறு கல்லூரியையோ வேறு படிப்பையோ பார்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.