தேன் பெட்டியைக் கொஞ்ச தூரம் மாற்றினால் ஏற்படும் பெரிய நஷ்டம்

கடையை இடம் மாற்றிய வியாபாரிக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். அதே வீதியில் பத்துக் கடை தள்ளிப் போனாலும், பழைய வாடிக்கையாளர்கள் பல நாட்கள் பழைய கதவையே தேடி வருவார்கள். ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் வாசித்துவிட்டுப் புதிய கடைக்கு வந்து சேருவார்கள். தேனீக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. தேன் பெட்டி வைத்திருக்கும் பலர் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தேனீ வளர்ப்புக்கு ஏற்ற பகுதி. நம்மவர்கள் டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் மரங்கள் இங்கு நிறைய உண்டு. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவும் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயில்தான் இருக்கிறது. திருக்குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருப்பதால், நமது சமூகத்தில் நல்ல தேனுக்கு எப்போதும் மதிப்புண்டு. எனவே கடைக்குப் பின்னால் நான்கு, ஐந்து பெட்டி வைத்து நடத்துவது நல்லதொரு பக்க வருமானம்.

ஆனால் பெட்டியை இடம் மாற்ற வேண்டிய தேவை எப்படியும் வரும். கட்டட வேலை தொடங்கும், மரம் வெட்டுவார்கள், பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் மருந்தடிப்பார்கள். 'நூறு யார் தள்ளி வைத்துவிட்டுப் பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தால் போகிறது' என்று நினைப்போம். செலவில்லாத வேலை போலத் தெரியும் இதுதான் அதிகச் செலவு வைக்கும் வேலை.

ஏன் திரும்பி வருவதில்லை?

தேனீ தன் பெட்டியை நிறத்தையோ மணத்தையோ மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. சூரியன் இருக்கும் திசை, மரம், கூரை, பாறை ஆகியவற்றை அடையாளமாக வைத்து இடத்தையே மனதில் பதித்துக்கொள்கிறது. பெட்டியை நூறு யார் தள்ளி வைத்தால், காலையில் பறந்து போகும் தேனீக்கு எல்லாம் பழகிய அடையாளங்களாகவே தெரியும். தேனை எடுத்துக்கொண்டு நேரே பழைய இடத்துக்கே போகும். அங்கே பெட்டி இராது. சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, ஊவா மலையின் இரவுக் குளிரில் மடிந்துவிடும்.

வேலைக்காரத் தேனீ தேன் காலத்தில் ஏறத்தாழ ஆறு கிழமைதான் வாழும். முதல் பாதி பெட்டிக்குள் வேலை, மறு பாதிதான் வெளியே போய்த் தேன் சேர்க்கும். ஆகவே நாம் இழப்பது சம்பாதிக்கும் கையை. பெட்டி பலவீனப்பட்டால் எறும்பும் மெழுகுப் புழுவும் நுழையும். நமது நாட்டுத் தேனீ பொறுமை குறைந்தது, தொந்தரவு அதிகமானால் கூட்டத்தோடு பறந்து போய்விடும்.

தற்காலிகமாக மாற்றுவோருக்கு இந்த நஷ்டம் இரட்டிப்பாகும். கொண்டுபோகும்போது ஒரு தடவை, திருப்பிக் கொண்டுவரும்போது இன்னொரு தடவை.

தூரம் கூடினால் நஷ்டம் குறையும்

தேனீ வளர்ப்போர் உலகெங்கும் சொல்லும் பழைய கணக்கு ஒன்றுண்டு: மூன்று அடி அல்லது மூன்று மைல். மூன்று அடிக்குள் நகர்த்தினால் தேனீ கண்டுபிடித்துவிடும். மூன்று மைல், அதாவது ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தாண்டினால் பழகிய அடையாளம் எதுவுமில்லை. எனவே அது புதிய இடத்தைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே ஆபத்து.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பகுதியினர் இறப்பர் மரம் துளிர்க்கும் பருவத்தில் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றித் தூரத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். பருவம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அவர்களது தொழிலே இடமாற்றத்தில்தான் நடக்கிறது.

எனவே பத்து நாள் தேவைக்கென்றால், 5 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள உறவினர் அல்லது நண்பரின் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். திரும்பும்போது முன்பு இருந்த அதே இடத்தில் வையுங்கள். வேறு இடத்தில் வைப்பதானால் குறைந்தது மூன்று கிழமை வெளியே இருக்கட்டும். பழைய இடத்தை அறிந்த தேனீக்களில் பெரும்பாலானவை அதற்குள் ஆயுள் முடித்திருக்கும்.

இங்கே நமது மலைப் பாதைக்குரிய ஓர் எச்சரிக்கை. ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறும் வீதி வளைந்து வளைந்து போவது. லொறி மீற்றர் 5 கிலோமீற்றர் காட்டலாம். தேனீ வளைவில் போவதில்லை, நேரே பறக்கும். ஆகவே தூரத்தை நேர்கோட்டில் வரைபடத்தில் பாருங்கள்.

வேறு வழிகள்

பெட்டி இருபது, முப்பது அடி தள்ளினால் போதும் என்றால் நாளொன்றுக்கு மூன்று அடிக்கு மேற்படாமல் நகர்த்துங்கள். மழையால் தேனீ வெளியே வராத நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு நாள் மருந்தடிப்புக்காக மாற்றவே தேவையில்லை. முதல்நாள் இரவே வாசலைக் கம்பி வலையால் மூடி, ஈரச் சாக்குப் போட்டு, காற்றோட்டம் விட்டு வைத்தால் போதும்.

ஏற்றும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- இருட்டிய பின், எல்லாத் தேனீயும் உள்ளே வந்ததும் வாசலை வலையால் மூட வேண்டும்.
- தேன் நிறைந்த வதைகளை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பாரத்தில் அவை உடைந்தால் உள்ளே தேனீ மூழ்கிச் சாகும்.
- பிரேக் போடும்போது வதை ஆடாதபடி, சட்டங்களின் நீளம் வண்டி ஓடும் திசையில் இருக்கட்டும்.
- இறக்கியதும் வாசல் முன் ஓர் இலைக் கிளையைச் சாய்த்து வைத்தால், தேனீ நின்று இடம் பார்த்துப் பறக்கும்.

மழைக்கு முன்னரே ஏற்பாடு

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவு ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் எவருக்கும் மறக்காது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் உயிரைக் காத்துக்கொண்டு வெளியேறுவது மட்டுமே வேலை. பெட்டிக்காக யாரும் திரும்பிப் போகக்கூடாது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்னரே பாதுகாப்பான தூர இடமொன்றைப் பேசி வையுங்கள். இட உரிமையாளருக்கு எத்தனை போத்தல் தேன், காவல் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் கணக்குப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வேன் கூலியைப் போடுங்கள். மறுபக்கத்தில் ஒரு கூட்டம் பலவீனப்பட்டால் அந்தப் பருவத்தில் போகும் போத்தல்களின் விலையைப் போடுங்கள். மாலையில் வெறுமையாகத் திரும்பும் மரக்கறி வண்டியில் நான்கு பேர் சேர்ந்து ஏற்றினால் கூலியும் பங்காகிவிடும். நூறு யார் தூரத்துக்கு வேன் கூலி இல்லைதான், ஆனால் அதன் விலையைத் தேனீதான் கொடுக்கிறது.