லிப்ரே ஆபிஸின் பின்கட்டில் ஒரு சுற்று!

ஜோகூரின் சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஓர் ஒட்டுக்கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறங்கள். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், கைத்தொலைபேசியில் இணையம். போதும்! உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் பட்டறைக்குள் இங்கிருந்தே நுழையலாம். நுழைவுச்சீட்டு இல்லை, பட்டம் கேட்பாரும் இல்லை.

லிப்ரே ஆபிஸ் என்பது கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் படக்காட்சி தயாரிக்கவும் உதவும் திறமூல மென்பொருள் தொகுப்பு. ஒரு சென்கூடக் கேட்காது. பூர்வீகம் ஜெர்மனி. 1985இல் மார்கோ பொரீஸ் என்ற பதின்ம வயது இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம்தான் வித்து. 1999இல் சன் நிறுவனம் அதை வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010 செப்டம்பர் 28இல் தன்னார்வலர்கள் அந்தத் திட்டத்திலிருந்து தனியே பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். பூர்வீகத்தின் மிச்சம் நிரலுக்குள்ளேயே கிடந்தது: வரிகளுக்கு நடுவே ஜெர்மன் மொழிக் குறிப்புகள்! அவற்றை ஆங்கிலமாக்குவது பல ஆண்டுகள் புதியவர்களுக்கான எளிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. நிரல் எழுத வராவிட்டாலும் ஜெர்மன் வந்தால் போதும், அங்கே இடம் இருந்தது!

சரி, உங்கள் ஆவணத்தைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் செயலிழந்து விழுந்துவிடுகிறது என்று வையுங்கள். யாரிடம் முறையிடுவது? முதலில் உதவிப் பட்டியலில் ‘பாதுகாப்பு முறையில்’ மீண்டும் தொடங்கும் வசதியைத் தட்டிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் உங்கள் அமைப்புகளில்தான். அப்படியும் விழுந்தால், பக்சில்லா என்ற பிழைப் பதிவேட்டில் எழுத வேண்டும். “வேலை செய்யவில்லை, உடனே உதவுங்கள்” என்றால் யாரும் அசையமாட்டார்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், வரிசையாக என்னென்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, கூடவே ஒரு மாதிரிக் கோப்பு. இவ்வளவும் இருந்தால் பட்டறையே நிமிர்ந்து உட்காரும்!

புதிய முறையீடு ‘உறுதியாகாதது’ என்ற நிலையில் காத்திருக்கும். முன்பின் அறியாத ஒருவர் தன் கணினியில் அதே படிகளைச் செய்து, தனக்கும் விழுகிறது என்று எழுதிய பிறகுதான் அது ‘புதிய பிழை’ என்று பதவி உயரும். இப்படிச் சரிபார்ப்பதும் பங்களிப்புதான். அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை.

இனி வருவதுதான் உச்சக் காட்சி. முன்பு ஒழுங்காக ஓடியது, இப்போது ஓடவில்லை என்றால், எந்த மாற்றத்தில் கெட்டது? அவ்வப்போது ஓடத் தயாராகத் தொகுத்த பழைய கட்டமைப்புகளையெல்லாம் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் கட்டமைப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ளதை ஓட்டுவார்கள். நன்றாக ஓடினால் குற்றவாளி பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் சிறுவர் விளையாட்டேதான்! பத்தே பாய்ச்சலில் ஆள் சிக்கிவிடுவான்.

திருத்துவது யார்? சிலர் தன்னார்வலர்கள், சிலர் கொலாபொரா போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். திருத்தம் கெரிட் என்ற மேடையில் ஏறும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி அதைக் கட்டிப் பார்க்கும். இன்னொருவர் வாசித்துத் தலையாட்டினால்தான் உள்ளே போகும். முதல்முறை நிரல் தருபவர், தன் பங்களிப்புகள் அனைத்தும் திறந்த உரிமத்தில் இருக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

அடுத்த அறையில் நம் எழுத்துகள்! ‘கொ’ என்று எழுதும்போது கணினியின் நினைவில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து நிற்க வேண்டும், கால் பின்னே. இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு திறமூல மென்பொருள். 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபிஸ் எல்லா இயங்குதளங்களிலும் இதையே நம்புகிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் இருப்பது இதுவே. அங்கே ஒரு தமிழ்ப் பிழையைத் திருத்தினால், இத்தனை இடத்திலும் பலன்!

கடைசியாக, மொழிபெயர்ப்பு அறை. வெப்லேட் என்ற கருவியில் வரி வரியாகத் தமிழாக்குகிறார்கள். ‘%1’ என்பதைத் தொடக்கூடாது. ஓடும்போது அங்கே கோப்பின் பெயரோ எண்ணோ வந்து அமரும். ‘~’ குறிக்குப் பின்னால் வருவது குறுக்குவிசை எழுத்து. எண்ணிக்கை வரும் வரிகளில் இன்னொரு வேடிக்கை: மலாய்க்கு ஒரே வடிவம் போதும், தமிழுக்கு ஒருமை பன்மை என இரண்டு, அரபுக்கோ ஆறு! எண்ணிக்கை வரியைப் பொறுத்தவரை ஜோகூரில் மலாய் மொழிபெயர்ப்பாளர் கொடுத்துவைத்தவர்.

ஆண்டுக்கு இரு பெரிய வெளியீடுகள், வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். தமிழ் இடைமுகத்தில் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கும் வரிகள் உண்டு. படிவம் நான்கு படிக்கும் பிள்ளையோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ, யாராயினும் அவற்றுக்குத் தமிழ் முன்மொழியலாம். இன்றைக்கே இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கண்ணை உறுத்தும் முதல் வரியை நீங்களே திருத்தி அனுப்புங்கள்.