குதிரை இல்லாத குதிரை வீரன்!

ஒரு யானையின் விலை 200 பொற்காசு. ஒரு போர்க்குதிரையின் விலை 400 பொற்காசு!

யானையைவிடக் குதிரைக்கு இரண்டு மடங்கு விலையா? எந்த ஊர்ச் சந்தையில் இந்த அநியாயம் என்று கேட்கிறீர்களா?

மாட்டுச் சந்தையில் அல்ல. புத்தகத்தில்!

"டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்று ஒரு அமெரிக்க விளையாட்டு. அதன் விதிப் புத்தகத்தில், 2014-ம் ஆண்டுப் பதிப்பில், இந்த விலைப்பட்டியல் இருக்கிறது. கோவேறு கழுதை 8 பொற்காசு. காவல் நாய் 25. மட்டக்குதிரை 30. ஒட்டகம் 50. சவாரிக் குதிரை 75.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. குதிரைத் தீனி நாளைக்கு 5 செப்புக்காசு. லாயத்தில் கட்ட நாளைக்கு 5 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்கு 10 செப்பு. அதாவது, சாப்பாட்டைப்போல வாடகை 10 மடங்கு! பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது அல்ல.

இதெல்லாம் காகிதக் குதிரை, கற்பனைக் காசு. ஆனால் அந்தக் குதிரை எப்படி ஓடும், எப்படிச் சண்டையில் நிற்கும் என்று சொல்லும் புத்தகத்துக்கு நிஜ டாலர் எண்ணி வைக்கவேண்டும். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

என்ன ஆட்டம்?

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேஷம். ஒருவர் மந்திரவாதி. ஒருவர் திருடன். ஒருவர் வாள் வீரன்.

"எதிரே பூதம் வருது. என்ன செய்றே?" என்று நடத்துகிறவர் கேட்பார்.

"ஒரே வெட்டா வெட்டறேன்" என்பார் வீரன்.

வெட்டு விழுந்ததா, வீணாய்ப் போனதா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை "உயிர்" என்று ஒரு கணக்கு உண்டு. அடி விழ விழ அது குறையும். விளையாட விளையாட வீரன் படி ஏறுவான். மொத்தம் 20 படி. கதை ஒரே நாளில் முடியாது. வாரா வாரம் தொடரும். வருஷக்கணக்கில் போவதும் உண்டு.

செருப்புத் தைத்தவர்

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்.

கைகாக்ஸ் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ல் வேலை போயிற்று. செருப்பு ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டே விளையாட்டுப் புத்தகம் எழுதினார்.

1974-ல் 1,000 பெட்டிகள் வெளிவந்தன. ஒரு பெட்டிக்குள் 3 சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. 2008-ல் கைகாக்ஸும், 2009-ல் ஆர்னசனும் காலமானார்கள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

10 ஆண்டு காத்திரு!

"பாலடின்" என்று ஒரு வீரன் இந்த ஆட்டத்தில் உண்டு. சத்தியம் தவறாத வீரன். 1975-ல் வந்த "கிரேஹாக்" என்ற துணைப் புத்தகத்தில் அவன் அறிமுகம் ஆனான். சாதாரணக் குதிரை அல்ல, புத்தியுள்ள போர்க்குதிரை அவனுக்குக் கிடைக்கும்.

1978-ல் வந்த புத்தகம் ஒரு நிபந்தனை போட்டது. 10 ஆண்டுக்கு ஒரு தடவைதான் அந்தக் குதிரையை அழைக்கலாம். இடையில் செத்துப் போனால்? மிச்ச ஆண்டுகள் கழியும் வரை காத்திருக்கவேண்டும். கதைக்குள் நடக்கும் 10 ஆண்டுதான் என்றாலும், குதிரை போனால் போனதுதான்!

2014-ம் ஆண்டுப் புத்தகம் மனம் இளகியது. பாலடின் ஐந்தாம் படிக்கு வந்ததும் ஒரு மந்திரம் கற்கலாம். 10 நிமிடம் ஜபித்தால் குதிரை வரும். சண்டையில் செத்தால் உடல் இல்லாமல் மறைந்துவிடும். மறுபடி ஜபித்தால் அதே குதிரை முழு உயிரோடு வந்து நிற்கும்.

2024-ம் ஆண்டுப் புத்தகத்தில் 10 நிமிடம்கூட வேண்டாம். சண்டைக்கு நடுவிலேயே, கண் மூடித் திறப்பதற்குள் அழைத்துவிடலாம்.

10 ஆண்டு, 10 நிமிடமாகி, பிறகு கண் சிமிட்டும் நேரமாகிவிட்டது! ஏன் இந்த மாற்றம்? குதிரை ஏறி வந்தவர்கள் பட்ட பாடுதான் காரணம்.

வாசலில் கட்டு

முதல் தொல்லை வாசலில். இந்த ஆட்டத்தின் பெயரிலேயே "டஞ்சன்" இருக்கிறது. பாதாள அறை என்று பொருள். புதையல் அங்கேதான். பூதமும் அங்கேதான். குறுகிய படிக்கட்டு, தாழ்ந்த கூரை.

"குதிரையை என்னப்பா செய்யப் போறே?" என்பார் நடத்துகிறவர்.

"கூட்டிட்டு வரேன்."

"படியிலே இறங்காது. வெளியே கட்டிட்டு வா."

400 பொற்காசுக் குதிரை வெளியே புல் மேயும். குதிரை வீரன் உள்ளே கால்நடையாய்ப் போவான்!

சண்டைக் கட்டத்தில் குதிரை நிற்க 10 அடிக்கு 10 அடி இடம் வேண்டும். யானைக்கு 15 அடிக்கு 15 அடி. யானை மலிவு என்று வாங்கினால் அது வாசல் வரைகூட வராது.

இதற்குக் குள்ள வீரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். "ஹாப்லிங்" என்ற குள்ள இனம் உண்டு. உயரம் சுமார் 3 அடி. ஏறுகிறவனைவிட மிருகம் ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி. ஹாப்லிங்குக்குக் காவல் நாயே போதும். மனிதன் நுழையும் இடத்தில் எல்லாம் நாயும் நுழையும். விலையும் 25 பொற்காசுதான்.

ஆனால் நாய்க்கு 5 உயிர். ஒரு வெட்டுக்குத் தாங்காது.

19 உயிர்

இரண்டாவது தொல்லை இதுதான். இதுதான் பெரிய தொல்லை.

கடையில் வாங்கிய போர்க்குதிரைக்கு 19 உயிர். முதல் படியில் இருக்கும் வீரனுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். அப்போது குதிரை பலசாலி. ஐந்தாம் படிக்கு வரும்போது வீரனுக்கு 40-க்கு மேல் வந்துவிடும். குதிரைக்கு? அதே 19!

அந்தச் சமயம் பார்த்து எதிரி மந்திரவாதி நெருப்பு உருண்டை வீசத் தொடங்குவான். 8 பகடைகளை உருட்டிக் கூட்டும் அடி அது. சராசரி 28. வீரன் கருகினாலும் எழுந்து நிற்பான். குதிரை விழுந்துவிடும்.

பெயர் வைத்து, வாரா வாரம் கூடவே ஓட்டிவந்த குதிரை! காகிதம்தானே என்று சொல்லலாம். மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் வாடிப் போகும்.

கவசம் போடலாமே? போடலாம். மனிதக் கவசத்தைப் போல 4 மடங்கு விலை. முழு இரும்புக் கவசம் மனிதனுக்கு 1,500 பொற்காசு. குதிரைக்கு 6,000! அந்தக் காசுக்கு 15 குதிரை வாங்கிவிடலாம். அத்தனை செலவு செய்தும் நெருப்பு உருண்டையைக் கவசம் தடுக்காது.

3 புத்தகம், 150 டாலர்

இப்போது கடைக்கு வருவோம். சிகாகோவில் ஒரு கடைப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வீரனாக ஆடவேண்டும் என்று ஆசை. சம்பளம் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புத்தகக் கடைக்குப் போகிறான்.

முதலில் "பிளேயர்ஸ் ஹேண்ட்புக்". ஆட்டக்காரர் கைப்புத்தகம். 2014-ல் வந்தபோது விலை 49 டாலர் 95 சென்ட்.

அடுத்து 2017-ல் வந்த "சனதார்ஸ் கைடு". அதுவும் 49 டாலர் 95 சென்ட். அதில் "கவாலியர்" என்ற வீரன் இருக்கிறான். பெயரிலேயே குதிரை! சேணத்திலேயே பிறந்தவன் என்று அவனுக்கு ஒரு பட்டம். ஏறவும் இறங்கவும் 5 அடி நேரமே ஆகும். சுலபத்தில் கீழே விழமாட்டான்.

பையன் வீட்டுக்குப் போய்ப் பக்கம் பக்கமாய்ப் புரட்டுகிறான். அப்போதுதான் ஒன்று தெரிகிறது.

இந்தக் கவாலியருக்குக் குதிரை கிடையாது!

ஆமாம். அதைக் கதைக்குள் அவனேதான் காசு கொடுத்து வாங்கவேண்டும். அதே 400 பொற்காசு. அதே 19 உயிர். சவாரி தெரிந்த வீரனைக் கொடுத்த புத்தகம், சாகாத குதிரையைக் கொடுக்கவில்லை.

சரி, குதிரை வேண்டாம், டிராகன் மேல் ஏறலாம் என்று 2021-ல் வந்த "பிஸ்பான்ஸ் டிரெஷரி" புத்தகத்தையும் வாங்குகிறான். மறுபடியும் 49 டாலர் 95 சென்ட். அதில் குட்டி டிராகன் வளர்க்கும் வீரன் உண்டு. மூன்றாம் படியில் குட்டி வரும். ஏழாம் படியில் அதற்குச் சிறகு முளைக்கும், மேலே ஏறலாம். ஆனால் ஆள் ஏறினால் அது பறக்காது! ஆளோடு பறக்க 15-ம் படி வரவேண்டும். பல மேஜைகளில் அதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது.

ஆகமொத்தம் 150 டாலருக்கு 15 சென்ட் குறைவு. பையன் இன்னும் தரையில்தான் நிற்கிறான்.

முதல் புத்தகத்திலேயே மருந்து

வேடிக்கை என்ன தெரியுமா? அவனுக்கு வேண்டியது முதல் புத்தகத்திலேயே இருந்தது.

குதிரைச் சண்டைக்காரன் என்று அதில் ஒரு தனித் திறமை உண்டு. நான்காம் படியில் எடுக்கலாம். நடத்துகிறவர் சம்மதிக்கவேண்டும். அதை எடுத்தவன், குதிரை மேல் விழும் வெட்டைத் தன் மேல் வாங்கிக்கொள்ளலாம். நெருப்பு உருண்டை வந்தால், குதிரை பகடையில் தப்பினால் அடியே இல்லை. தப்பாவிட்டாலும் பாதி அடிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28-ல் பாதி 14. குதிரைக்கு 19. குதிரை பிழைத்துக்கொள்ளும்!

வேறு கம்பெனி ஆட்டத்திலும் வழி இருக்கிறது. "பாத்பைண்டர்" என்று ஒரு ஆட்டம். அதன் 2010-ம் ஆண்டுத் துணைப் புத்தகத்திலும் கவாலியர் உண்டு. அவனுக்கு முதல் நாளே குதிரை உண்டு. அவன் படி ஏற ஏறக் குதிரையும் பலமாகும். குள்ள வீரனுக்கு மட்டக்குதிரை அல்லது ஓநாய்!

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 2024-ம் ஆண்டுப் புத்தகமும் இதே பாதைக்கு வந்துவிட்டது. பாலடின் இரண்டாம் தர மந்திரத்தால் அழைத்தால் குதிரைக்கு 25 உயிர். நான்காம் தரத்தில் அழைத்தால் 45 உயிர். குதிரை பறக்கவும் செய்யும்.

காசே வேண்டாம்

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். 2014-ம் ஆண்டு விதிகளில் பெரும்பகுதியைக் கம்பெனியே 2023 ஜனவரியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மிருக விலைப்பட்டியல், குதிரைச் சண்டை விதி, பாலடின், குதிரையை அழைக்கும் மந்திரம் எல்லாம் அதில் உண்டு. குதிரைச் சண்டைக்காரன் திறமை மட்டும் இல்லை. அதற்குப் புத்தகம் வேண்டும். பாத்பைண்டர் விதிகளையும் இலவசமாகவே படிக்கலாம்.

வாங்குகிறவர்கள் வருஷத்தையும் பார்த்து வாங்கவேண்டும். "பிளேயர்ஸ் ஹேண்ட்புக்" என்ற ஒரே பெயரில் 1978, 1989, 2000, 2003, 2008, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2008-ஐ வாங்கிக்கொண்டு 2014 ஆடும் மேஜைக்குப் போனால், பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரெயில் ஏறின கதைதான்.

கடைசியாக, எந்தப் புத்தகத்தையும்விட முக்கியம் மேஜையில் நடத்துகிறவரின் வாய்ச்சொல். கதை முழுவதும் பாதாள அறையிலா, பரந்த வெளியிலா என்பது அவருக்குத்தான் தெரியும். பர்ஸைத் திறக்கும் முன்பு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்:

"என் குதிரையை உள்ளே விடுவீங்களா?"

"விடறேன்" என்றால் புத்தகம் வாங்கலாம். "வெளியே கட்டு" என்றால் 150 டாலர் மிச்சம்!