வீட்டுச் சுயபரிசோதனையும் உடல்நலக் கவலையும்

உடல்நலக் கவலை என்பது தமக்குக் கடுமையான நோய் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்ற அச்சம் ஒருவரை விடாமல் பற்றிக்கொள்ளும் நிலையாகும். மருத்துவர் பரிசோதித்து நோய் இல்லை என்று கூறிய பின்னும் இந்த அச்சம் முழுமையாக நீங்குவதில்லை. இது முன்பு ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று அழைக்கப்பட்டது. 2013-இல் வெளியான அமெரிக்க உளநல மருத்துவக் கையேடான டி.எஸ்.எம்.-5 அப்பெயரைக் கைவிட்டு, நோய்க் கவலைக் கோளாறு, உடல் அறிகுறிக் கோளாறு என்னும் இரு பிரிவுகளை ஏற்படுத்தியது. இரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், ஆக்சிமீட்டர் போன்ற கருவிகள் வீட்டுக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அவை காட்டும் எண்களும் இக்கவலைக்குக் காரணமாகின்றன.

கவலையின் சுழற்சி

லேசான படபடப்பு ஏற்பட்டவுடன் ஒருவர் இரத்த அழுத்தத்தை அளக்கிறார். அச்சத்தால் அழுத்தம் உயர்ந்திருப்பதால் எண் கூடுதலாக வருகிறது. அதைக் கண்டு அச்சம் பெருகுகிறது; மறுபடி அளக்கும்போது எண் மேலும் உயர்கிறது. எண் இயல்பாக வந்தாலும் நிம்மதி சிறிது நேரமே நீடிக்கும். பின்னர் ஐயம் எழுந்து மீண்டும் கருவியைத் தேடுவார். இவ்வாறு நிம்மதிக்காகச் செய்யும் சோதனையே கவலையை வளர்க்கும் பழக்கமாக மாறுகிறது.

கருவிகளின் வரம்புகள்

இரத்த அழுத்தம் நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டோ, கால் மேல் கால் போட்டோ, கையைத் தொங்கவிட்டோ அளந்தால் எண் கூடுதலாக வரும். கைப்பட்டை சிறியதாக இருந்தாலும் அவ்வாறே.

குளுக்கோமீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 15197:2013 தரநிலையின்படி, சர்க்கரை அளவு 100 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, 95 விழுக்காடு அளவீடுகள் 15 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் இருந்தால் போதும். எனவே உண்மையான அளவு 100 ஆக இருக்கும்போது கருவி 85 என்றோ 115 என்றோ காட்டினாலும் அது பழுதன்று. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்தினால் எண் பெரிதும் உயரக்கூடும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

குளிர்ந்த விரல், நகப்பூச்சு ஆகியவை ஆக்சிமீட்டரின் அளவீட்டைப் பிழையாக்கும். கருமையான தோல் உடையவர்களிடம் இக்கருவி ஆக்சிசனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தோல் நிறத்தால் துல்லியம் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது.

எண்களைப் புரிந்துகொள்ளல்

ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோயைக் கண்டறியும் ஒரு சோதனை, நோயுள்ளவரைத் தவறவிடாது. ஆனால் நோயற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டும் எனக் கொள்ளலாம். ஆயிரம் பேர் சோதித்தால் ஏறத்தாழ 51 பேருக்கு நோய் உண்டு என்று முடிவு வரும். அவர்களுள் உண்மையில் நோயுள்ளவர் ஒருவரே. அறிகுறி எதுவும் இல்லாதவர் தாமாகச் செய்யும் சோதனையில் வரும் முடிவை மட்டும் கொண்டு அஞ்சக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆய்வக அறிக்கையில் காணப்படும் இயல்பு வரம்பு, பொதுவாக நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரை மட்டுமே உள்ளடக்கும். ஆகவே ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்துகொள்ளும் நலமான ஒருவருக்கு, ஏதேனும் ஒன்று வரம்பை மீறி வருவதற்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உள்ளது.

பொய்யான நிம்மதி

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. திறன் கைக்கடிகாரத்தின் ஈ.சி.ஜி. வசதியால் மாரடைப்பைக் கண்டறிய இயலாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை ஏற்பட்டால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முறையான பயன்பாடு

மருத்துவர் கூறிய கால இடைவெளியில், முறைப்படி அளந்தால் வீட்டுச் சோதனை மிகவும் பயனுள்ளது. மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் உயர்பவர்களை இனங்காண வீட்டு அளவீடு உதவுகிறது.

• இரத்த அழுத்தத்தை அளக்கும் முன் 5 நிமிடம் ஓய்வாக அமர வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கை இதய மட்டத்திலும் இருக்க வேண்டும்.
• ஒரே எண்ணைப் பார்க்காமல் பல நாள்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டு அளவீட்டில் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.
• குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தும் முன் கையைச் சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும். காலாவதியான சோதனைப் பட்டைகளைத் தவிர்க்க வேண்டும்.
• வீட்டு முடிவை மட்டும் கொண்டு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

சிகிச்சை

அளக்காமல் இருக்க முடியவில்லை என்ற நிலை வந்தால், அதுவே கவனிக்கப்பட வேண்டிய அறிகுறியாகும். அறிதல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. சோதிக்கும் தடவைகளைப் படிப்படியாகக் குறைத்து, ஐயத்தைப் பொறுத்துக்கொள்ள அது பழக்குகிறது. சிலருக்கு மருந்துகளும் தேவைப்படும். இவர்கள் உணரும் படபடப்பும் வலியும் உண்மையானவை. ஆகவே அவர்களைக் கேலி செய்யாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே குடும்பத்தினர் செய்யத்தக்க உதவியாகும்.