ஓரடி ஈரமணல்

ஊர்காவற்றுறையில் என் வீட்டுக் கிணற்றடி வாழைப்பாத்தியில், சென்ற மாரியின் முதல் மழை விட்ட மறுநாட் காலை, வயிறு பருத்த ஓணான் ஒன்று வேலிக் கிளுவையிலிருந்து இறங்கி, நாற்புறமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்னங்கால்களால் மண்ணைப் பறிக்கத் தொடங்கியதைக் குசினி யன்னலுக்கு இப்பால் நின்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அசையாது பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிலே யாரோ வாளியோடு கிணற்றடிக்கு வர, பாதி பறித்த குழியை அப்படியே விட்டு வேலிக்கு ஓடிய அது, ஆள் போய் நெடுநேரமாகியும் இறங்கவில்லை. பின்பு மீண்டும் வந்து, தலையும் தோளும் மறையுமளவுக்குச் சரிவாகக் குழியை ஆழமாக்கி, திரும்பி, உடலின் பிற்பாகத்தை அதனுள் இறக்கிக் கண்களைப் பாதி மூடியபடி இருந்தது. யாவும் முடிந்தபின், தொய்ந்துபோன வயிற்றோடு, தான் பறித்த மண்ணைத் தானே இழுத்து மூடி, முகவாயினால் குத்திக் குத்தி இறுக்கிவிட்டுப் போயிற்று. அந்த இடத்தில் ஒரு பிரசவம் நிகழ்ந்ததென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அத்தனை சமமாக மண் கிடந்தது.

இந்தக் காட்சி எனக்கு உடனே பயன்படுமென்று நான் எண்ணியிருக்கவில்லை. அவ்வாரமே ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகள் அழைத்தாள். அவள் ஒன்றரை வருடமாக யேமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்றை வளர்க்கிறாள். தலையிலே கிரீடம்போல் எழும்பிய, பச்சை உடலில் மஞ்சளும் நீலமும் புள்ளியிட்ட பெண் பிராணி. “மாமா, ரெண்டு நாளா அவள் ஒண்டும் சாப்பிடுறாள் இல்லை. கொப்பில இருக்கிறாளும் இல்லை. கீழ இறங்கி மூலை மூலையா விறாண்டிக்கொண்டு திரியிறாள்” என்றாள். கைபேசியில் காட்டினாள், விலாவின் தோலுக்கடியில், சிறு பையில் நாவற்கொட்டைகளை நிரப்பினாற்போல் முட்டைகளின் புடைப்புத் தெரிந்தது.

மரத்தை விட்டு இறங்காத சுபாவமுடைய பச்சோந்தி, தன் வாழ்நாளில் மனமுவந்து தரைக்கு வருவது பெரும்பாலும் முட்டையிடும் இந்த ஒரு காரியத்துக்காகவே. உலகிலுள்ள இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்களில் சில குட்டி ஈனுவன, ஏனையவை முட்டையிடுவன. அவற்றில் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆபிரிக்காவும் மடகாஸ்கரும். இந்தியாவுக்கும் நம் நாட்டுக்கும் உரியது ஒரே இனம்தான்: 1768ஆம் ஆண்டில் லௌரென்ரி என்ற விஞ்ஞானி பெயர் சூட்டிய கமீலியோ ஸெய்லானிக்கஸ். இலங்கையின் பெயரையே தாங்கிய இது, நம் வறண்ட வலயத்து முட்காடுகளில் வாழ்வது; என் மருமகளின் யேமன் பிராணிக்கு ஒரே பேரினத்து உறவு. நெடுந்தீவின் பெருக்கமரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் ஆபிரிக்காவின் ஒரு துண்டு நம் கடலில் நிற்கிறதென்று நினைப்பவன் நான். இந்தப் பிராணியைப் பற்றியும் அப்படியே எண்ணத் தோன்றுகிறது. ஆனால் பெருக்கமரத்தைப் போற்றுகிற நாம், பச்சோந்தியின் பெயரை ஏசுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். காட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை; அது நல்ல சட்டம். அவள் வைத்திருப்பதோ வளர்ப்பகத்திலேயே பொரித்த பிராணி. இனி அதற்குக் காடு இல்லை. காடு செய்ய வேண்டியதை அவள்தான் செய்தாக வேண்டும்.

“ஆண் ஒண்டும் இல்லையே, பிறகு எப்பிடி முட்டை?” என்று அவள் கேட்டாள். சேவலைக் காணாத கோழியும் முட்டையிடுவதைப் போல, யேமன் பச்சோந்தியும் இணை சேராமலே கரு இல்லாத முட்டைகளை உருவாக்கும். அவற்றையும் வெளியேற்றியே தீரவேண்டும். ஒரு தடவையில் இருபது முதல் எண்பது வரை முட்டைகள் உருவாகலாம். இரை மிகுந்து, உஷ்ணமும் மிகுந்தால் தொகை கூடும். முட்டை ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். அதைவிட முக்கியமாக, முட்டையை வெளியே தள்ளும் தசைகள் சுருங்குவதற்கும் கல்சியம் வேண்டும். உண்ட கல்சியம் உடலில் ஏறுவதற்கு டி உயிர்ச்சத்து வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவதோ சூரியனின் புறவூதாக் கதிர். நம் தீவிலே ஓணானுக்கு இது வேலியில் இருந்தபடியே கிடைக்கிறது. ரொறன்ரோவிலோ யன்னற் கண்ணாடி அக்கதிரின் வேண்டிய பகுதியைத் தடுத்துவிடுவதால், வெயில் உள்ளே விழுந்தாலும் பயனில்லை. அதற்கென்றே செய்த விளக்கும், இரைப்பூச்சிகளின்மேல் தூவிக் கொடுக்கும் கல்சியத் தூளும் இல்லாவிட்டால், இடம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் தாயின் உடல் ஒத்துழையாது. மருமகள் இரண்டையும் ஒழுங்காகச் செய்திருந்தாள். இல்லாதது மண் ஒன்றே. கூட்டின் அடித்தளம் வெறும் பிளாஸ்டிக். அதைத்தான் அந்த ஜீவன் விறாண்டிக்கொண்டிருந்தது.

நெடுந்தீவில் ஓரிடத்தில் மண்வெட்டி போட்டால் ஒரு சாணுக்குள் கல் தட்டும். இன்னோரிடத்தில் கை முழுதும் இறங்கும். முட்டையிடும் பிராணிக்கு இவ்வேறுபாடே வாழ்வும் சாவும். ஆகவே, பிராணி உள்ளே திரும்பக்கூடிய அகலமுள்ள வாளியொன்றில் கழுவிய மணலை ஓரடிக்குக் குறையாமல் நிரப்பச் சொன்னேன். ஈரத்தின் பதத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: விரலைக் குத்தி எடுத்தால் துளை இடியாமல் நிற்கவேண்டும்; அடியில் நீர் தேங்கக்கூடாது. காய்ந்த மணலில் சுரங்கம் தாயின் மேலேயே சரியும். சேறாயிருந்தால் அவள் பறிக்கவேமாட்டாள்.

பின்பு சொன்னதுதான் மருமகளுக்கு மிகக் கடினமாயிருந்தது. “கூட்டைச் சுத்தித் துணியைப் போட்டு மூடு பிள்ளை. மூடிப்போட்டு அங்கால போ. தண்ணியை மட்டும் விடு.” மனிதக் கண் தன்மேல் விழுவதை உணர்ந்த பச்சோந்தி குழியைக் கைவிடும், கைவிட்டுக் கைவிட்டு, நாள் பிந்தப் பிந்த, முட்டைகள் உள்ளேயே தங்கி, தாயின் உயிருக்கே அபாயமாகும். அன்பு மிகுதியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்கள், தாம் அறியாமலே தம் பிராணியைக் கொல்கிறார்கள். துணியில் ஊசித்துளை ஒன்று போதும். அதன் வழியாக நாளுக்கு இரண்டு தடவை, மூச்சுச் சத்தமும் கேளாமல் பார்க்கலாம்.

எதைப் பார்ப்பது? பறிக்கிறாளா, இளைப்பாறுகிறாளா, மீண்டும் பறிக்கிறாளா என்பதை. இவ்வேலை ஒரு நாளோ இரண்டு நாளோ நீளலாம்; அதில் அச்சமில்லை. ஆனால் பகலிலே கண்ணை மூடிக் கீழே கிடந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, கொப்பைப் பற்றும் பிடி தளர்ந்தாலோ, அதன்பின் பொறுமை பாவம். ஊர்வன அறிந்த மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அவர் எக்ஸ்றே எடுத்து, தடை இல்லையென்று கண்டால், நீரும் கல்சியமும் ஏற்றி, ஒக்சிற்றோசின் ஊசி போட்டுப் பார்ப்பார். தடை இருந்தால் சத்திரசிகிச்சைதான் வழி. வயிற்றைக் கையால் அமுக்கி முட்டையை வெளியேற்ற முயல்வது, எவ்வளவு இரக்கத்தோடு செய்தாலும், குடலையும் கருப்பையையும் கிழிக்கும் காரியம்.

மூன்றாம் நாள், எங்களுக்கு நள்ளிரவு கடந்த நேரத்தில், அழைப்பு வந்தது. மணல் சமமாகக் கிடந்ததாம். வாளிக்குள் ஒன்றுமே நடவாதது போலிருந்ததாம். தாய் மட்டும், தோல் சுருங்கி ஒட்டிய வயிறும் மூக்கு நுனியில் மணலுமாகக் கொப்பில் ஏறியிருந்தாளாம். மெல்லத் தோண்டியபோது, வாளியின் அடியை ஒட்டி, தோல்போன்ற ஓடுடைய முப்பத்தொரு வெள்ளை முட்டைகள். கரு இருந்திருந்தால், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மாறாமல் எடுத்து, ஈரப்பொருளிற் பாதி புதைத்து, 28 பாகை அளவில் ஆறு முதல் ஒன்பது மாதம் வைத்திருக்க வேண்டியிருக்கும். முட்டைக்குள் நெடுங்காலம் கழிப்பது இந்த இனம் மட்டுமல்ல. மடகாஸ்கரின் தென்மேற்கில் லபோர்டின் பச்சோந்தி என்ற இனம், முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம் இருந்து, பொரித்தபின் நாலைந்து மாதத்திலேயே வளர்ந்து, இணைசேர்ந்து, மடிந்துவிடுகிறதென்று 2008இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்; அதன் ஆயுளிற் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கழிகிறது.

இந்த முப்பத்தொன்றும் கருவற்றவை; மருமகள் அவற்றை அப்புறப்படுத்தினாள். “இப்ப என்ன செய்யிறாள்?” என்று கேட்டேன். கைபேசியைக் கூட்டுக்குக் கிட்டப் பிடித்தாள். இலையின் நுனியில் சொட்டிய நீரை, கண்ணைச் சுழற்றியபடி, ஒவ்வொரு துளியாக அந்தத் தாய் குடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் பேசாமல், கால் மணி நேரம், அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.