மறதிக்குப் பொடி தேடும் முன் பிரஷரைப் பாருங்கள்

பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு 'ஞாபகசக்திப் பொடி' சாப்பிடும் பெரியவர்களைத் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்து மகனோ மகளோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். டப்பாவில் மூளைப் படம் இருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இருக்காது. பட்டையைக் கட்டிப் பார்த்தால் பிரஷர் 180-ஐத் தாண்டி நிற்கும். "இயற்கை மருந்துதானே டாக்டர், கெடுதல் ஒண்ணும் பண்ணாதே?" என்று கேட்பார்கள். பண்ணுகிறது. மாத்திரையை நிறுத்த வைத்ததே முதல் கெடுதல்.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்"

இந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ பேர் தாமதமாக வருகிறார்கள். பேரன் பெயர் சட்டென்று வராமல், கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்தால் பயமில்லை. ஆனால் காலமெல்லாம் குழம்பு வைத்த அம்மா, புளி கரைத்து ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றுகிறார். பெரியசெவலை ஆலைக்குக் கரும்பு அனுப்பி, டன் கணக்கையும் வெட்டுக்கூலியையும் மனசிலேயே போட்டவருக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ண வரவில்லை. கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்குப் போனவர், வீட்டுக்குத் திரும்பும் தெரு தெரியாமல் நிற்கிறார். இதையெல்லாம் வயசின் தலையில் போடாதீர்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டி, பொடி கொடுத்து, கடைசியில் அப்பா பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன பிறகுதான் இங்கே அழைத்து வருகிறார்கள். மறதி எல்லாமே அல்சைமரும் இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மூளைக்கு வெளியே கட்டிய ரத்தம் இவற்றாலும் மறதி வரும். காலத்தோடு வந்தால் இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். நினைவாற்றல் கேள்விகள், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தலை ஸ்கேன்: இவற்றுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

மஞ்சள், வல்லாரை, தேங்காய் எண்ணெய்

"நாமதான் மஞ்சள் சாப்பிடுறோமே, நமக்கு அல்சைமர் வராது" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஹரியானாவின் வல்லப்கர் கிராமங்களில் அல்சைமர் மிகக் குறைவு என்று 2001-இல் வந்த ஆய்வை வைத்துக் கிளம்பிய பேச்சு இது. நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் இருக்கிறது என்று அது சொல்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அத்தனை பேர் வீட்டிலும் மஞ்சள் டப்பா இருக்கத்தான் செய்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமினை அல்சைமர் நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் பலன் தெரியவில்லை.

வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், தாராளமாக. அது அல்சைமரைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. மாத்திரையாக வாரக்கணக்கில் எடுத்த சிலருக்கு ஈரல் வீங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. 'கிங்கோ' என்ற மூலிகை மாத்திரையின் கதையும் இதுதான். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆறு ஆண்டு கவனித்து, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அதைத் தானாக வாங்கிச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் குடிப்பவர்களையும் பார்க்கிறேன். அது கெட்ட கொழுப்பை ஏற்றும். நடு வயதில் கெட்ட கொழுப்பு கூடினால் பிற்காலத்தில் மறதி நோய் ஆபத்தும் கூடும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருந்துக்கடையில் நின்று, வாய்க்கு வந்த மாத்திரைப் பெயரைச் சொல்லி வாங்குவதும் குறையவில்லை. தூக்கத்துக்கென்று அப்படி வாங்கும் சில மாத்திரைகளே பெரியவர்களைக் குழம்பிப்போக வைக்கும்.

நாற்பது வயதிலேயே தொடங்குங்கள்

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு மாற்றிக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களைச் சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் உலக அளவில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, அளவுமீறிய குடி, உடலுழைப்பின்மை, தலைக்காயம், தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிரஷர், சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. வாங்கி ஜன்னலில் அடுக்கி வைத்தால் மூளைக்குப் போய்ச் சேராது. கருவாடும் ஊறுகாயும் தினம் வேண்டாம். கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு, வேர்க்கடலை, மீன் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. கழனி வேலையை விட்டவர்கள் திண்ணையோடு உட்கார்ந்துவிடாமல் தினமும் அரை மணி நேரம் நடங்கள். பைக்கில் பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.

இத்தனையும் செய்தவருக்கும் அல்சைமர் வரலாம். வந்தால் அது அவர் குற்றம் ஆகாது.

காது கேட்காதவரைக் கேலி செய்யாதீர்கள்

காது மந்தமானவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து வைக்கிறார். அந்தத் தனிமையும் மூளையைத் தேய்க்கிறது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறதி ஆபத்து கூடுதலாக இருந்த முதியவர்கள் காதுக் கருவி போட்டுக்கொண்டபோது, மூன்றாண்டில் அவர்களின் நினைவாற்றல் சரியும் வேகம் ஏறத்தாழ பாதியானது. ஆபத்து குறைந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தகுதி உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. கண்புரையையும் இன்னொரு வருஷம் போகட்டும் என்று தள்ளாதீர்கள். பார்வைக் குறைவும் லான்செட் சொன்ன அந்த 14-இல் ஒன்று.

பெரியவரை அழைத்து வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை, பொடி, லேகியம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மறைக்க வேண்டாம். மாற்றம் முதலில் எப்போது தெரிந்தது என்று சொல்லக்கூடிய, அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரும் கூட வரவேண்டும்.