தேறியவர் நல்ல அதிகாரியானாரா?

முப்படைகளில் அதிகாரியாகச் சேர விரும்புகிறவர்கள் எஸ்.எஸ்.பி. எனும் தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் தங்க வேண்டும். முதல் நாள் வடிகட்டலிலேயே பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களை உளவியலாளர், குழுப் பணிகளை நடத்தும் ஜி.டி.ஓ., நேர்காணல் அதிகாரி என மூவர் தனித்தனியே எடைபோடுகிறார்கள். அவர்கள் தேடுவது பொறுப்புணர்வு, துணிவு, விரைந்து முடிவெடுத்தல் உள்ளிட்ட 15 குணங்களை. மூவரும் கடைசி நாளில்தான் கூடிப் பேசுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் அதுவே என்பேன்.

ஜி.டி.ஓ. மைதானத்தில் கட்டை, பலகை, கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் குழு முழுவதும் தடையைத் தாண்ட வேண்டும் என்பார்கள். தலைவர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். யாருடைய யோசனை எடுபடுகிறது, யார் வெறுமனே சத்தம் போடுகிறார், தடுமாறுகிறவருக்கு யார் கை கொடுக்கிறார் என்று அதிகாரி கவனித்தபடி இருப்பார். இரண்டாம் உலகப் போரில், 1942இல், பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த முறை இது. அடுத்த ஆண்டே டேராடூனுக்கும் வந்துவிட்டது.

இதே சோதனையை 1950களில் இஸ்ரேல் ராணுவமும் நடத்தியது. மதிப்பிட்டவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன். யார் சிறந்த அதிகாரியாவார் என்பது மைதானத்திலேயே பளிச்சென்று தெரிவதாக அவருக்குத் தோன்றும். ஆனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தகவல்களோடு ஒப்பிட்டபோது, அந்தக் கணிப்புகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். அடுத்த குழு வந்ததும் அதே உறுதியோடு மறுபடி கணித்தார்கள்!

பிறகு, போர்ப் பிரிவுகளுக்கு ஆளெடுக்கும் நேர்காணலைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் வேலை, விளையாட்டு, நேரம் தவறாமை என்று நடந்த வாழ்க்கையைப் பற்றியே கேள்விகள். ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் அடுத்தது. நேர்காணல் செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். எல்லாம் முடிந்த பின் கண்ணை மூடி உள்ளுணர்வாலும் ஒரு மதிப்பெண் போட அவர்களை அனுமதித்தார். சில மாதங்கள் கழித்துப் படைத் தலைவர்களிடம் விசாரித்ததில், புதிய முறை பழையதை வென்றிருந்தது. அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் சோடை போகவில்லை. விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டிய பிறகு வந்த உள்ளுணர்வு அது.

கணிப்பை இப்படிச் சரிபார்ப்பதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேறியவர்களின் பிற்கால நடத்தையைத்தான் பார்க்க முடியும். நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை நல்ல தளபதிகள் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தேறியவரையும் எதை வைத்து அளப்பது? பயிற்சிப் பள்ளி மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும், ஆனால் எல்லைக் காவல் நிலையில் ஆட்களை அவர் எப்படி நடத்தினார் என்பதை அது சொல்லாது.

அமெரிக்கத் தரைப்படை 2020இல், பட்டாலியன் தளபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மேலதிகாரிகளின் அறிக்கையோடு நின்றுவிடவில்லை. உடன் பணியாற்றியவர்களிடமும் கீழே பணியாற்றியவர்களிடமும் கருத்துக் கேட்டது. இந்தியாவிலும் ஒரு கேப்டனின் தலைமையை நாள்தோறும் அனுபவிக்கிறவர்கள் அவருக்குக் கீழுள்ள ஹவில்தார்களும் ஜவான்களும்தானே. எஸ்.எஸ்.பி.யின் கணிப்பு பலித்ததா என்று பார்க்க, முதலில் கேட்க வேண்டியது அவர்களை.